வீட்டை யார் பார்த்துக்கொள்வது?

பிள்ளை பிறந்த பிறகு இரத்தப்போக்கு நிற்காமல் போனால், உதவி கிடைக்காத தாய்க்குச் சராசரியாக 2 மணி நேரம்தான் இருக்கிறது. கருப்பை கிழிந்தால் ஒரு நாள். வலிப்பு வந்தால் 2 நாள். குழந்தையின் தலை இடுப்பெலும்பில் சிக்கி இறங்காமல் நின்றுவிட்டால் 3 நாள். பிரசவத்துக்குப் பின் கிருமித்தொற்று என்றால் 6 நாள். டெபோரா மெயின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களில் தொகுத்த உத்தேசக் கணக்கு இது. பேறுகால மரணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் இதைத்தான் முதலில் எடுத்துவைக்கிறார்கள். காரணம் இருக்கிறது. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு 4 மணி நேரம் ஆகும் என்றால், அந்த வீட்டில் பெரும் இரத்தப்போக்கு தொடங்கிய பிறகு ஆம்புலன்சைக் கூப்பிட்டுப் பயனில்லை. கிளம்பும் நேரம் வலி எடுப்பதற்கு முன்பாகவே இருந்தாக வேண்டும்.

1994-இல் இதே மெயினும் செரீன் தாடியசும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று, தாய்மார்கள் இறப்பதற்கான காரணத்தை மூன்று தாமதங்களாகப் பிரித்தது. மருத்துவமனைக்குப் போகலாமா என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போய்ச் சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இரண்டாவது தாமதத்தை அடியோடு எடுத்துவிட முடியுமா? முடியும். மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு கட்டி, எட்டாம் ஒன்பதாம் மாதத்தில் கர்ப்பிணியை அங்கே வந்து தங்கச் சொல்லிவிடலாம். இதுதான் பேறுகாலக் காத்திருப்பு இல்லம். சொல்லும்போது எவ்வளவு எளிதாக இருக்கிறது! உலகம் முழுக்க இந்த வீடுகளைக் கட்டியவர்கள் அத்தனை பேரும் இந்த எளிமையில்தான் மயங்கினார்கள்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. வட ஐரோப்பாவிலும் கனடாவிலும் ஒதுக்குப்புறமான ஊர்ப் பெண்களுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இப்படிப்பட்ட விடுதிகள் இருந்தன. கியூபா 1962-இல் காமகுவே மாகாணத்தில் முதல் இல்லத்தைத் திறந்தது. சாப்பாடு, படுக்கை, மருத்துவர் வருகை எல்லாம் அரசு செலவு. 1980-களில் அந்த நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனைக்குள் வந்துவிட்டது. நாடு முழுக்கப் பரவிய மருத்துவக் கட்டமைப்பின் ஓர் உறுப்பாகத்தான் அங்கே காத்திருப்பு இல்லம் வேலை செய்தது என்பதை மறந்துவிட்டு, வீட்டை மட்டும் நகலெடுத்த நாடுகள் பல.

இந்த அத்தியாயத்துக்கு நாம் போக வேண்டிய இடம் எத்தியோப்பியா. தலைநகர் அடிஸ் அபாபாவுக்குத் தென்மேற்கே குராகே மலைநாட்டில் அட்டாட் என்ற இடத்தில் ஒரு கத்தோலிக்க மருத்துவமனை இருக்கிறது. 1970-களிலிருந்தே அதன் வளாகத்தில் காத்திருப்பு இல்லம் ஒன்று நடக்கிறது. தங்க வரும் பெண் சாப்பாட்டுக்கு வேண்டியதையும் துணைக்கு ஓர் ஆளையும் தானே கூட்டி வர வேண்டும். சமைக்க அடுப்படி உண்டு. 1987 முதல் 2008 வரை அங்கே நடந்த 24,148 பிரசவங்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2010-இல் ஒரு கட்டுரை வந்தது. இல்லத்தில் தங்கிப் பிரசவித்தவர்கள் 6,805 பேர். இவர்களில் தாய் இறப்பு லட்சத்துக்கு ஏறத்தாழ 90. நேராக மருத்துவமனைக்கு வந்தவர்களில் லட்சத்துக்கு 1,300-க்கும் மேல். செத்துப் பிறந்த குழந்தைகள், தங்கியவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 18. தங்காதவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 191.

இந்த எண்களைப் பார்த்ததும் ஊருக்கு ஊர் இல்லம் கட்டக் கிளம்பிவிடத் தோன்றும். அறிவியல் படிக்கிறவர் கொஞ்சம் நின்று, ஒப்பிடப்படும் இரண்டு கூட்டமும் யார் யார் என்று கேட்க வேண்டும். நேராக வந்தவர்களில் பலர் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள், இரண்டு நாள் வலியோடு போராடிவிட்டு, முடியாத கட்டத்தில் கட்டிலில் வைத்துத் தூக்கி வரப்பட்டவர்கள். வீட்டிலேயே சுகமாகப் பெற்றுக்கொண்டவர்கள் மருத்துவமனைப் பதிவேட்டில் வரவே மாட்டார்கள். ஆகவே அந்தக் கூட்டத்தில் ஆபத்து ஏற்கெனவே வடிகட்டிச் சேர்ந்திருக்கிறது. மறுபக்கமும் உண்டு. இல்லத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் முந்தைய சிசேரியன், இரட்டைப் பிள்ளை என்று ஏதோ ஒரு காரணத்தால் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். அவர்களில் 100-க்கு 38 பேருக்குச் சிசேரியன் தேவைப்பட்டது. மற்றவர்களில் 20 பேருக்கு. அபாயம் கூடுதலாக இருந்தும் பிழைத்தார்கள் என்பது இல்லத்துக்குச் சாதகமான சாட்சி.

ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வாரக்கணக்கில் வந்து தங்க முடிந்த பெண்ணுக்குப் பின்னால் சரி என்று சொன்ன ஒரு கணவன் இருக்கிறான். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், பிள்ளைகளுக்குச் சோறு போட ஒரு கை, மூட்டை கட்டிக் கொடுக்கக் கொஞ்சம் தானியம் இருக்கிறது. அவளைக் காப்பாற்றியதில் இல்லத்தின் பங்கு எவ்வளவு, இவற்றின் பங்கு எவ்வளவு? கறாரான சோதனை முறையில் நடந்த ஆய்வுகளைத் தேடிய, காக்ரேன் என்ற மருத்துவச் சான்று அமைப்பின் மதிப்பாய்வாளர்களுக்கு 2012 வரை ஒன்றுகூட அகப்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் காத்திருப்பு இல்லங்களைப் பரிந்துரைத்தபோது, நிபந்தனையோடுதான் பரிந்துரைத்தது. சான்றின் தரம் மிகக் குறைவு என்று அதே ஆவணத்தில் எழுதியும் வைத்தது.

இருந்தும் எத்தியோப்பிய அரசு இல்லங்களைப் பெருக்கியது. 2003-இல் தொடங்கிய திட்டத்தில் கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு பயிற்சி கொடுத்து, சம்பளத்தோடு சுகாதாரப் பணியாளர்களாக அமர்த்தியிருந்தார்கள். கர்ப்பிணிகளைக் கண்டுபிடித்து இல்லத்துக்கு அனுப்புவது இவர்கள் வேலையில் ஒன்றானது. காப்பி விளையும் ஜிம்மா வட்டாரத்தில் சில ஆண்டுகளுக்குமுன் எடுத்த கணக்கெடுப்பில், சமீபத்தில் பிள்ளை பெற்ற பெண்களில் இல்லத்தைப் பயன்படுத்தியவர்கள் 100-க்கு 7 பேர்தான்.

ஏன் என்று கேட்டால் எந்த ஊர் அதிகாரியும் சொல்லும் பதில் தயாராக இருக்கும்: விழிப்புணர்வு இல்லை. இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு அலுப்பு வருகிறது. 2011-இல் எத்தியோப்பிய மக்கள்தொகை-சுகாதார ஆய்வில், மருத்துவமனைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டபோது 100-க்கு 61 பெண்கள் “தேவைப்படவில்லை” என்றார்கள். அறியாமைக்கு அத்தாட்சியாக இந்த எண்ணைத்தான் காட்டுவார்கள். தன் அம்மாவும் அக்காவும் தானும் வீட்டிலேயே பெற்றுப் பிழைத்தவள், தான் கண்டதை வைத்துத்தான் பேசுகிறாள். உயிருக்கு ஆபத்தான சிக்கல் வருவது ஏறத்தாழ 100-க்கு 15 கர்ப்பிணிகளுக்கு. மீதி 85 பேரின் அனுபவம் அவள் பக்கம் நிற்கிறது. தவிர, கேள்வித்தாளோடு வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு வெளியாளிடம், “மாமியாருக்கு முடியவில்லை, மாட்டைப் பார்க்க ஆளில்லை, கையில் காசில்லை” என்று வீட்டுக் கஷ்டத்தை விரிப்பதைவிடத் தேவைப்படவில்லை என்று சொல்லி முடிப்பது சுலபம்.

அந்த வீட்டுக் கஷ்டத்தைத்தான் நாம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஜிம்மாவின் கொம்மா மாவட்டத்தில் நாலு பிள்ளை பெற்ற ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். விடிந்தால் தண்ணீருக்குப் போக வேண்டும், விறகு கொண்டுவர வேண்டும். மாவு கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, அகன்ற மண்கல்லில் இஞ்சேரா என்னும் அப்பம் வார்க்க வேண்டும்; தீர்வதற்குள் அடுத்த மாவு தயாராக இருக்க வேண்டும். பசு இருந்தால் பால், வெண்ணெய். மழை முடிந்து காப்பிப்பழம் சிவக்கத் தொடங்கிவிட்டால் வீட்டில் எல்லாக் கையும் தோட்டத்தில். ஆண்டு முழுவதற்குமான பணம் அந்தச் சில மாதங்களில்தான் வருகிறது. இந்த வீட்டிலிருந்து அவளை இரண்டு வாரம் எடுத்துவிட்டால் அந்த இடத்தில் யார் நிற்பது? மாமியார் தெம்பாக இருந்தால் அவர். இல்லாவிட்டால் பத்து வயது மூத்த மகள், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு.

இத்தோடு முடியவில்லை. இல்லத்தில் அவளுக்கு யாராவது சமைத்துக் கொடுக்க வேண்டும், வலி எடுத்தால் ஓடிப்போய்ச் செவிலியரைக் கூப்பிட வேண்டும். ஆகவே தங்கையோ அம்மாவோ நாத்தனாரோ கூடப் போக வேண்டும். இரண்டு வயதுக் குழந்தையை விட்டுப் போக முடியாது, அதுவும் கூட வரும். வரக் கூடாது என்று சொல்லும் இல்லங்களும் உண்டு. ஒரு பிரசவத்துக்காக இரண்டு பெண்களின் உழைப்பை அந்தக் குடும்பம் இழக்கிறது. இல்லத்தில் தங்க வாடகை கிடையாது என்று சுவரில் எழுதி வைத்திருப்பார்கள். இந்த இழப்புக்கு யார் விலை போடுவது?

எத்தனை நாளுக்கு என்பதாவது நிச்சயமா என்றால், இங்கேதான் உடற்கூறு குறுக்கே வருகிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணிப் பிரசவத் தேதி குறிக்கிறோம். குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் 100-க்கு நாலைந்துதான். பெரும்பாலானவை முன்னே பின்னே இரண்டு வாரத்துக்குள். கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது என்பது நினைவிருந்தால்தான் இந்தக் கணக்கும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்க்குப் பல மாதம் விலக்கு வராது. அது திரும்புவதற்குள்ளேயே அடுத்த கரு தரித்துவிட்டால் எண்ணத் தொடங்க ஒரு நாளே கிடையாது. வயிறு தெரியத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கே தெரியும். தொடக்க மாதங்களில் ஸ்கேன் எடுத்தால் ஏறக்குறைய ஒரு வாரப் பிசகில் வயதைச் சொல்லிவிடலாம். அந்த வசதி இல்லாத ஊரில் செவிலியர் அளவுநாடாவை எடுத்து, அடிவயிற்றின் கீழுள்ள பூப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து கருப்பையின் உச்சிவரை எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்து ஒரு வாரக் கணக்குச் சொல்வார். அதில் மூன்று நான்கு வாரம் பிசகுவது சாதாரணம். இரண்டு வாரம் என்று சொல்லிக் கூட்டி வந்தவள் ஆறு வாரம் உட்கார நேரலாம். கொண்டுவந்த மாவு மூன்றாம் வாரமே தீர்ந்துவிடும். வீட்டிலிருந்து ஆள் வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சேதி வரும். வலி எடுக்காமலேயே ஊர் திரும்பிப் போகிறவர்கள் எல்லா இல்லத்திலும் உண்டு.

இதில் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. முதல் பிரசவத்தில் வலி நீண்ட நேரம் எடுக்கும். பலமுறை பெற்றவளுக்குச் சட்டென்று ஆகிவிடும். அதாவது வலி எடுத்த பிறகு கிளம்பிப் போய்ச் சேர அவளுக்குத்தான் நேரம் குறைவு. பல பிரசவம் கண்ட கருப்பை, பிள்ளை வெளியே வந்ததும் சுருங்க மறுத்து இரத்தம் பெருக்கும் வாய்ப்பும் கூடுதல். இல்லத்தால் அதிகப் பயன் அடையக்கூடியவள் நாலைந்து பிள்ளை பெற்றவள். வீட்டை விட்டு வர முடியாதவளும் அவளேதான். தலைப்பிரசவத்துக்காரிக்கு வீட்டில் கட்டிப்போடும் பொறுப்பு குறைவு. எத்தியோப்பிய மேட்டுநிலக் கிராமங்களிலும் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போகும் வழக்கம் உண்டு. நம் ஊரில் வளைகாப்புப் போட்டுப் பெண்ணை அழைத்துப் போவதும் முதல் பிள்ளைக்குத்தான். மூன்றாவதுக்கு யாரும் வளையல் அடுக்குவதில்லை, அவளுக்குப் போக நேரமும் இருப்பதில்லை. காத்திருக்கப் போவது இந்தச் சமூகங்களுக்குப் பழக்கமில்லாத காரியமல்ல. முன்பின் தெரியாதவர்கள் நடுவில், சொந்தச் செலவில், நாள் தெரியாமல் காத்திருப்பதுதான் புதிது.

முடிவெடுப்பவர் யார் என்பது அடுத்தது, அதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் தமிழ் வாசகருக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. கணவன், மாமியார், சில இடங்களில் ஊர்ப் பெரியவர். கர்ப்பிணிகள் கூட்டத்தில் தனியாகப் பெண்களுக்கு மட்டும் போதித்துவிட்டுப் போகும் திட்டங்கள் இவர்களை மறந்துவிடுகின்றன.

வீட்டுக் கணக்கையெல்லாம் சரிக்கட்டிவிட்டு ஒருத்தி வந்து சேர்கிறாள் என்றே கொள்வோம். அவள் கண்ணில் படுவது என்ன? கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? நிறைமாத வயிற்றோடு இரவில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? மெத்தை எத்தனை, ஆள் எத்தனை? கூட வந்தவள் எங்கே படுப்பாள்? ஜாம்பியாவில் ஊராரை முதலில் கேட்டுவிட்டு இல்லம் கட்டிய திட்டம் ஒன்றில் மக்கள் கேட்டவை இவைதாம்: பூட்டிவைக்க அலமாரி, மழையில் நனையாமல் சமைக்க ஒரு கொட்டகை, மறைவான குளியலறை, கொசுவலை. அதே ஜாம்பியாவில் ஆய்வாளர்கள் காதில் விழுந்த இன்னொரு காரணம் என் மனதை விட்டுப் போகவில்லை. பிரசவத்துக்கு வரும்போது பிள்ளைக்குப் புதுத்துணி, பிளாஸ்டிக் விரிப்பு, வாளி, கிருமிநாசினி எல்லாம் கொண்டுவர வேண்டும் என்பது பல சுகாதார நிலையங்களின் எதிர்பார்ப்பு. பழந்துணியில் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு மற்றப் பெண்கள் முன்னால் படுத்திருக்க வெட்கப்பட்டு வராமல் போனவர்கள் இருக்கிறார்கள். தூரத்தையும் வறுமையையும் அளக்கத் தெரிந்த கேள்வித்தாளில் வெட்கத்துக்கு ஒரு கட்டம் போட்டிருப்பார்களா?

பெண்களின் இத்தகைய குறைகளை எத்தியோப்பியாவில் கொஞ்சம் புரிந்துகொண்டார்கள். பிள்ளை பிறந்ததும் வாற்கோதுமை மாவில் கெட்டியாகக் கிண்டி, நடுவில் குழி பறித்து வெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் ஊற்றிக் கொடுக்கும் கென்ஃபோ என்ற களியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே வழக்கம். பச்சைக் காப்பிக்கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, இடித்து, கழுத்து நீண்ட மண்கூஜாவில் காய்ச்சி மூன்று சுற்றுக் கொடுப்பது இன்னொன்று. சுகாதார நிலையத்தில் பெற்றால் இரண்டும் கிடையாது என்பது பெண்கள் சொன்ன குறைகளில் ஒன்று. களி கிண்டவும் காப்பி வறுக்கவும் இடம் ஒதுக்கிக் கொடுத்த சுகாதார நிலையங்கள் இன்று நிறைய. தானியமும் விறகும் பணமும் ஊராரிடமே திரட்டி இல்லத்துக்குச் சோறு போடும் ஏற்பாடும் பல மாவட்டங்களில் நடக்கிறது. விளைச்சல் பொய்த்த ஆண்டில் அதுவும் படுத்துவிடும்.

இல்லத்தை நன்றாகக் கட்டிவிட்டால் போதுமா? ஜிம்மாவில் அதையும் சோதித்தார்கள். கொம்மா, கெர்சா, செக்கா சொக்கோர்சா ஆகிய மூன்று மாவட்டங்களில் 24 சுகாதார வட்டாரங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் சிலவற்றில் இல்லங்களை மேம்படுத்தி, ஊர்த் தலைவர்களுக்கும் மதத் தலைவர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். சிலவற்றில் பயிற்சி மட்டும். மற்றவற்றை அப்படியே விட்டார்கள். காக்ரேன்காரர்கள் தேடிக் கிடைக்காத கறாரான சோதனை இதுதான். 2020-இல் முடிவு வந்தது: சுகாதார நிலையங்களில் நடந்த பிரசவங்கள் குறிப்பிடும்படி கூடவில்லை. சோதனை நடந்த ஆண்டுகளில் நாட்டில் அரசியல் கொந்தளிப்பு, நெருக்கடி நிலை. ஆகவே இந்த ஒரு முடிவை வைத்து இல்லங்களுக்குச் சமாதி கட்டிவிட முடியாது. ஆனால் கிழக்குத் தீமோரிலிருந்து 2012-இல் வந்த ஆய்வும் இதே பக்கம் கைகாட்டுகிறது. அங்கே இரண்டு மாவட்டங்களில் இல்லம் திறந்த பிறகும், சுகாதார நிலையத்தில் பிரசவித்தவர்களில் பெரும்பாலோர் 5 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களாகவே நீடித்தார்கள். யாருக்காகத் திறந்தார்களோ, அந்தத் தூரத்துப் பெண்கள் வரவில்லை.

எல்லாக் கர்ப்பிணிகளையும் கூப்பிடாமல், ஆபத்து உள்ளவர்களை மட்டும் கூப்பிட்டால் என்ன என்று கேட்கலாம். முன்பு சிசேரியன் ஆனவள், இரட்டைப் பிள்ளை சுமப்பவள், குட்டையானவள், பலமுறை பெற்றவள் என்று பட்டியல் போடும் பழக்கம் நெடுநாள் இருந்தது. பட்டியல் தவறல்ல, ஆனால் அதில் இல்லாதவர்களுக்குத்தான் எண்ணிக்கையில் அதிகச் சிக்கல் வருகிறது, ஏனென்றால் பெரும்பாலான கர்ப்பிணிகள் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கிறார்கள். ஆகையால் தூரத்தில் இருப்பதையே ஓர் ஆபத்தாக எடுத்துக்கொள்ளும் போக்கு இப்போது வலுத்திருக்கிறது. ஒடிசாவின் பழங்குடிப் பகுதிகளில் நடக்கும் மா கிருஹ இல்லங்களும், தமிழ்நாட்டு மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ள காத்திருப்பு அறைகளும் இந்தக் கணக்கில் எழுந்தவை. நம் பக்கத்தில் ஒரு வசதி: கூட வருபவருக்கும் சாப்பாடு போட வேண்டும் என்பதைத் திட்டத்திலேயே யோசித்தார்கள்.

கட்டும் இடத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. அட்டாட்டில் இல்லமும் அறுவை அரங்கும் ஒரே வளாகத்தில். எத்தியோப்பியாவில் பின்னால் வந்த இல்லங்களில் பெரும்பாலானவை சிறிய சுகாதார நிலையங்களை ஒட்டியவை. அங்கே சுகப்பிரசவம் பார்ப்பார்கள், இரத்தப்போக்குக்கு ஊசி போடுவார்கள். சிசேரியனும் இரத்தம் ஏற்றுவதும் கிடையாது. மூன்று வாரம் காத்திருந்த ஒருத்தியை வலி எடுத்த பிறகு ஆம்புலன்சில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப நேர்ந்தால், எந்தத் தாமதத்தைத் தவிர்க்க அவள் வீட்டை விட்டு வந்தாளோ அதே தாமதம் புதிய இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறது. அவள் ஊர் திரும்பி என்ன சொல்கிறாளோ அதைக் கேட்டுத்தான் அடுத்த தெருப் பெண் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வாள். சுகாதாரப் பணியாளரின் பேச்சு அதற்குப் பிறகுதான். சரி, எல்லா இல்லத்தையும் பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே கட்டிவிடலாம் என்றால், அது கிராமத்திலிருந்து இன்னும் தள்ளிப்போகிறது. வாரம் ஒருமுறை தானியம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் முகத்தைக் காட்டிவிட்டுப் போகக்கூடிய தூரத்தில் அது இருக்காது.